நிவாரணக் கணக்கில் இல்லாத கட்டம்

செம்பரம்பாக்கம் என்றதும் எல்லோருக்கும் 2015 டிசம்பர் 1 நினைவுக்கு வரும். விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றுக்குள் திறந்துவிடப்பட்ட நாள். யார் திறந்தார்கள், ஏன் முன்பே திறக்கவில்லை என்று இன்னும் பேசுகிறோம். விஷயம் தணிக்கை அறிக்கை வரை போனது. ஆனால் தண்ணீருக்குப் பின்னால் வந்த பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்டவர்கள் குறைவு.

நான் கேட்டேன். அப்போது இந்தப் பக்கம் பாயும் அரிசியும் கொடுத்த ஓர் அறக்கட்டளையின் அலுவலரிடம், "எத்தனை காலனிகளுக்குக் கொடுத்தீங்க சார்?" என்றேன். "நாங்க சாதி பார்க்கறதில்லைங்க" என்றார். நல்ல மனிதர், பெருமையாகத்தான் சொன்னார். அவர் பார்க்கவில்லை. லாரியை எங்கே நிறுத்தச் சொல்லி கை காட்டினார்களே, அவர்கள் பார்த்தார்கள்.

இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகும் நாகப்பட்டினம், கடலூர் கரையோரத் தலித்துகள் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். படகு இழந்தவருக்கு உதவி வந்தது. அந்தப் படகை நம்பிக் கூலி வேலை செய்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2015 வெள்ளத்திலும் கடலூர் மாவட்டத்தில் தலித் அமைப்புகள் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்துத்தான் இதே புறக்கணிப்பை நிறுவ வேண்டியிருந்தது. கொடுத்தவர்களிடமே அந்தக் கணக்கு இருந்திருந்தால் நாம் ஏன் அலைய வேண்டும்?

கணக்கின் அருமை நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. செம்பரம்பாக்கம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892-இன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கொடைக்குக் காவல் கிராமக் கணக்கில் இருந்த ஒரு குறிப்பு மட்டுமே. பின்னால் வந்த நில அளவைகளிலும் பதிவேட்டுத் திருத்தங்களிலும் பல ஊர்களில் அந்தக் குறிப்பு விடுபட்டது. குறிப்பு போனதும் நிலமும் போனது. 1994 அக்டோபர் 10-இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானது காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில்தான்.

இன்றைய கொடைகளுக்கு வருவோம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்கு நம் சேரிகள்தானே வட்டாரம்! அரசின் சிஎஸ்ஆர் இணையதளத்தில் நிறுவனம், துறை, மாநிலம், மாவட்டம், தொகை எல்லாம் பார்க்கலாம். மாவட்டத்தோடு கணக்கு நின்றுவிடும். ஊரா, காலனியா என்று சொல்ல அதில் கட்டம் கிடையாது.

வெளிநாட்டு நிதியின் கதை இன்னும் மோசம். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் பெரிய அமைப்பு தான் பெற்ற நிதியைச் சின்ன அமைப்புக்குப் பகிர முடியாது. கிராமத்தில் வேலை செய்யும் சின்ன தலித் அமைப்புகளுக்கு இருந்த ஒரு வாசல் மூடியது. 2022-இல் காலாண்டு வரவை வெளியிட வேண்டும் என்ற விதியையும் நீக்கிவிட்டார்கள்.

பிரிட்டனில் வேறு வழியில் போனார்கள். கொடையாளர்கள் ஒருவருக்கொருவர் யாருக்கு என்ன தருகிறார்கள் என்பது தெரியாமலே பணம் கொடுத்துக்கொண்டிருந்த நிலையை மாற்ற, ஃபிரான் பெரின் என்ற கொடையாளர் '360 கிவிங்' என்ற அமைப்பைத் தொடங்கினார். யார், யாருக்கு, எவ்வளவு, எதற்கு, எப்போது, எங்கே என்று எல்லோரும் ஒரே வடிவத்தில் எழுதி வெளியிட வேண்டும். இருநூறுக்கும் மேற்பட்ட கொடையாளர்கள் அப்படி வெளியிடுகிறார்கள். யாரும் தேடலாம். ஒரே இடத்தில் நாலு பேர் கொடுப்பதும், பக்கத்தில் ஒருவரும் கொடுக்காததும் வெளியே தெரிந்துவிடும். அதில் முதல் லாபம் கொடையாளருக்குத்தான். இங்கே ஒரே தெருவுக்கு மூன்று அறக்கட்டளைகள் பாய் கொடுத்த வேடிக்கை நடந்திருக்காது.

சாதியைக் கணக்கில் எழுதினால் ஆபத்தில்லையா என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். பயனாளியின் பெயரும் சாதியும் கைபேசி எண்ணும் இணையத்தில் கிடப்பதை நானும் ஏற்க மாட்டேன். பெயர் வேண்டாம். குடியிருப்பின் பெயர் போதும். அங்கே எத்தனை வீடு, எத்தனை வீட்டுக்குக் கிடைத்தது, பணம் எந்த அமைப்பின் வழியாக வந்தது, அந்த அமைப்பை நடத்துவோரில் தலித்துகள் உண்டா, இவ்வளவுதான். மாவட்டம் என்று இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் நாலு கட்டம். இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, பாய் கொடுக்க வரும் ஒவ்வொருவரிடமும் இந்தத் தாளை நீட்டப்போகிறோம்.