நாற்கரமும் மூலைவிட்டமும்: ஒரு கணித வரலாறு



பிரான்சிசு லைட் 1786ஆம் ஆண்டு இத்தீவில் கால்வைத்த பின்னர் எழுந்த பழைய ஜோர்ஜ்டவுனை நான்கு தெருக்கள் வரையறுத்தன. வடக்கே லைட் தெரு, கிழக்கே பீச் தெரு, தெற்கே சூலியா தெரு, மேற்கே பிட் தெரு. நகரம் ஒரு நாற்கரமாகப் பிறந்தது. இந்நாற்கரத்தின் நான்கு பக்க நீளங்களையும் ஒருவர் பிழையின்றி அளந்து தருகிறார் என்று கொள்வோம். அவற்றைக் கொண்டு நகரின் பரப்பைக் கூற இயலுமா? இயலாது என்பதே விடை. இந்த எளிய விடையை எய்த நம் நாட்டுக் கணிதம் பல நூற்றாண்டுகள் நடந்தது. அந்நடையே இன்றைய உரையின் பொருள்.

நான்கு கோல்களை முனைகளில் ஆணியிட்டுப் பிணைத்தால் கிடைக்கும் சட்டம் ஆடும். பக்கங்கள் மாறாமலே அது சதுரமாக நிமிரும், சாய்சதுரமாகப் படுக்கும். எதிர்மூலைகள் இரண்டை ஐந்தாவது கோலொன்றால் இணைத்த கணமே சட்டம் அசையாது நிற்கும். அந்த ஐந்தாவது கோலே மூலைவிட்டம். அது நாற்கரத்தை இரு முக்கோணங்களாக்குகிறது. முக்கோணமோ மூன்று பக்கங்களால் முழுமையாக உறுதிப்படும் உருவம்.

நாற்கரங்களின் இனப்பிரிவையும் மூலைவிட்டங்களே காட்டுகின்றன. அவை ஒன்றையொன்று இருசமக்கூறிட்டால் இணைகரம். அவ்வாறு கூறிடுவதுடன் நீளத்திலும் ஒத்திருந்தால் செவ்வகம். செங்குத்தாக வெட்டினால் சாய்சதுரம். மூன்றும் கூடினால் சதுரம். பட்டத்தில் அவை செங்குத்தாக வெட்டும். ஆயினும் ஒன்று மட்டுமே இருசமக்கூறாகும். கதவுச் சட்டத்தின் எதிர்ப்பக்கங்களைச் சமமாக்கியபின் மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரு நீளங்களையும் ஒப்பிடும் தச்சர் இவ்விதியையே கையாளுகிறார்.

கயிறு கொண்டு அளந்த மரபே இந்தியக் கணிதத்தின் தொன்மையான ஏடுகளிலும் காணப்படுகிறது. வேள்விக்களம் அமைக்கும் முறை கூறும் சுல்ப சூத்திரங்களில் ‘சுல்பம்’ என்பதற்கே கயிறு என்று பொருள். செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மேல் எழும் சதுரம், அதன் நீள அகலங்களின்மேல் எழும் சதுரங்களின் கூட்டுக்குச் சமம் என்பதைப் போதாயனர் கூறுகிறார். சதுரத்தின் பக்கம் 408 அலகாயின் மூலைவிட்டம் 577 அலகு என்னும் மிக நுண்ணிய மதிப்பும் அம்மரபில் கிடைக்கிறது.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் நாற்கரப் பரப்புக்கு இரு வழிகள் தந்தார். எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவது பருமட்டான வழி. நான்கு பக்கக் கூட்டுத்தொகையின் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, எஞ்சும் நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பது நுட்பமான வழி. மூலைவிட்டங்களின் நீளத்தைக் காணும் விதியையும் அவர் அளித்தார். நுட்பமான விதி, நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேல் அமையும் நாற்கரத்துக்கே பொருந்தும். அவ்வரையறையை அச்செய்யுள் வெளிப்படையாகக் கூறவில்லை. பின்வந்தோர் சிலர் அதனை எல்லா நாற்கரங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொண்டனர்.

1150இல் லீலாவதியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் இவ்விடத்தில் குறுக்கிட்டார். பக்கங்கள் அவையே ஆயினும் மூலைவிட்டம் மாறும். அது மாறினால் பரப்பும் மாறும் என்றார். பக்கம் 25 உடைய சாய்சதுரத்தைக் காண்க. மூலைவிட்டங்கள் 30, 40 ஆயின் பரப்பு 600. அவை 14, 48 ஆயின் பரப்பு 336. சதுரமாயின் 625. ஆகவே ஒரு மூலைவிட்டத்தையோ ஒரு செங்குத்தையோ குறிப்பிடாமல் பரப்பைக் கேட்பவரைப் பேய் என்றே அவர் கடிந்தார். வினாவே குறையுடையது என்று காட்டுவதும் கணித அறிவின் ஒரு படியாகும்.

வட்டத்துள் அமையும் நாற்கரத்தின் அழகைக் காண ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அதன் பக்கங்கள் வரிசையாக 25, 39, 60, 52. மூலைவிட்டங்கள் 63, 56. எதிர்ப்பக்கங்களைப் பெருக்கிக் கூட்டினால் 1500, 2028 சேர்ந்து 3528. மூலைவிட்டங்களின் பெருக்கமும் 3528. அலெக்சாந்திரியாவின் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிறுவிய உறவு இதுவே. இனி, அடுத்துள்ள 39, 60 ஆகிய பக்கங்களை இடம்மாற்றினால் 65 நீளமுள்ள புதிய மூலைவிட்டம் ஒன்று தோன்றும். இம்மூன்றாம் மூலைவிட்டத்தை 1356இல் நாராயண பண்டிதர் தம் கணித கௌமுதியில் எடுத்தாண்டார். மூன்றையும் பெருக்கி, வட்டத்தின் விட்டத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் பரப்பு கிட்டும். நம் எடுத்துக்காட்டில் விட்டமும் 65 ஆதலால் பரப்பு 1764. பிரம்மகுப்தரின் வழியிலும் அதே எண் வருகிறது.

கேரளத்துப் பரமேசுவரர் பதினைந்தாம் நூற்றாண்டில், பக்கங்களைக் கொண்டே அவ்வட்டத்தின் ஆரத்தைக் காணும் விதியைத் தந்தார். ஐரோப்பாவில் அதனை லூயிலியே 1782இல் வெளியிட்டார். அதைவிட நாம் கருதத்தக்கது அடுத்து நிகழ்ந்தது. ஏறத்தாழ 1530இல் சேட்டதேவர் யுக்திபாஷை என்னும் நூலை எழுதினார். மூலைவிட்டங்களைப் பற்றிய விதிகளும் வட்டநாற்கரப் பரப்பின் விதியும் ஏன் உண்மை என்பதை அவர் படிப்படியாக நிறுவினார். அந்நூலின் மொழி வடமொழியன்று, மலையாளம். செய்யுளுமன்று, உரைநடை. விதியை மனனம் செய்யச் செய்யுள் உதவும். காரணத்தைப் பின்தொடரப் பேசிப் பழகிய மொழியின் உரைநடையே உதவும் என்பதற்கு அந்நூல் சான்றாக நிற்கிறது.

சென்னை மாகாண நில அளவையிலும் இவ்வறிவு வேறொரு வடிவில் தொடர்ந்தது. புலத்தின் குறுக்கே மூலைவிட்டக் கோடுகளை இழுத்து, அக்கோடுகளிலிருந்து எல்லை வளைவுகளுக்குச் செங்குத்து அளவு எடுப்பது அங்குள்ள முறை. மூலைவிட்டம் அல்லது செங்குத்து என்று பாஸ்கரர் கேட்ட இரண்டும் அளவைப் புத்தகத்தில் இடம்பெற்றன. உழவரின் ஒரு வேலி நிலத்துக்குரிய வரி, பரப்பின் சரியான கணக்கைச் சார்ந்தது. பக்கச் சராசரியை மட்டும் நம்பினால், சாய்ந்த நிலத்தின் பரப்பு மிகையாகவே பதிவாகும்.

இவ்வரலாறு பினாங்குத் தமிழருக்கு ஏன் வேண்டும்? மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816இல் நிறுவப்பெற்ற பினாங்கு ஃபிரீ பள்ளியோடு சேர்த்து எண்ணப்படுகிறது. 2016இல் அதன் இருநூற்றாண்டு கொண்டாடப்பெற்றது. இதற்கிடையே 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த இருமொழித் திட்டத்தால் அதே வினா மீண்டும் எழுந்தது. உயர்கல்விக்கும் தொழிலுக்கும் ஆங்கிலமும் மலாயும் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ‘ஏன்’ என்னும் கேள்விக்கு ஒரு குழந்தை முதன்முதலில் விடைகாணும் மொழி எது என்பது வேறு வினா.

அதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் உள்ளன. இணைகரம் என்னும்போதே பக்கங்கள் இணை என்பது விளங்குகிறது. சாய்சதுரம் தன் பிறப்பைத் தானே சொல்கிறது. மூலைவிட்டம் மூலையிலிருந்து மூலைக்குச் செல்லும் கோட்டைக் கண்முன் நிறுத்துகிறது. இச்சொற்களைப் பாடநூலில் வைத்திருப்பது மட்டும் போதாது. அவற்றால் ஒரு நிறுவலை முதலிலிருந்து முடிவுவரை கூறும் பழக்கம் வேண்டும். சேட்டதேவர் தம் மக்கள் மொழியில் செய்த அப்பணியை நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நாள்தோறும் தமிழில் செய்ய இயலும். நான்கு கோல்களும் ஓர் ஐந்தாவது கோலும் அதற்குப் போதும்.