மேசைமேல் நடந்த போர்கள்

புலம்பெயர் நாடுகளில் வாழும் நண்பர்கள் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கின்றனர். பிள்ளைகள் சனிக்கிழமை மாலை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் நள்ளிரவுவரை எழும்புவதில்லை. இருபது முகமுள்ள பகடையை உருட்டுகிறார்கள். வாள் என்கிறார்கள், படை என்கிறார்கள், முற்றுகை என்கிறார்கள். போருக்குத் தப்பி வந்தவர்களின் வீட்டில் இது என்ன விளையாட்டு?

கேள்வி நியாயமானது. போரைப் பல்லாண்டு காலம் செய்தியாக எழுதிய எனக்கும் அது உறுத்தியது. ஊரடங்கு நாட்களில் 304 ஆடிப் பொழுதைக் கழித்த தலைமுறை எங்களுடையது. அப்போது எங்கள் கையிலிருந்தவை சீட்டுகளே. துப்பாக்கிகள் வெளியே இருந்தன. ஆகவே இந்த மேசை விளையாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஒரு பழைய செய்தியாளனுக்குரிய வியப்பு ஒன்று கிடைத்தது.

சதுரங்கத்தில் நால்வகைப் படை உண்டு. ஆனால் அதன் அறுபத்துநான்கு கட்டங்களில் மலை இல்லை, ஆறு இல்லை, சேறு இல்லை. ஜேர்மனியின் பிறவுன்ஸ்விக் நகரைச் சேர்ந்த ஹெல்விக் என்ற கணித அறிஞர் 1780இல் இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களைக் கொண்ட பலகையில் நிலத்தின் தன்மையை வண்ணங்களால் காட்டினார். படை அதிகாரிகளாகப் போகும் பிரபு குடும்பத்து இளைஞர்களுக்குப் பாடமாகட்டும் என்பது அவருடைய நோக்கம். ஆனால் கட்டங்கள் கட்டங்களாகவே இருந்தன. உண்மையான ஆறு கட்டம் கட்டமாகவா ஓடுகிறது?

அந்தக் கட்டங்களை அழித்தவர்கள் பிரசியாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும். தந்தை மணல் பரப்பில் ஆடிக் காட்டிய ஆட்டத்தைப் பற்றி மூன்றாம் பிரடெரிக் வில்லியம் மன்னர் கேள்விப்பட்டார். அரசரிடம் மணலைக் கொண்டுபோவதா என்று கூசிய தந்தை, நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய அழகிய மேசை ஒன்றைச் செய்வித்து 1812இல் அரண்மனைக்கு அளித்தார். அரச குடும்பத்துக்கு அது நல்ல பொழுதுபோக்காயிற்று. அவ்வளவுதான்.

மகன் பீரங்கிப் படையில் லெப்டினன். அவர் மேசையை விட்டு வரைபடத்துக்கு வந்தார். 1824இல் அவர் வெளியிட்ட விதிநூலே பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் வேர் எனலாம். எண்ணாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரையப்பட்ட நில வரைபடம். அதன்மேல் சிவப்பும் நீலமுமாகச் சிறிய ஈயக் கட்டைகள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடப் போர். படை எவ்வளவு தூரம் நடக்கும், பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்பனவெல்லாம் கணக்கிடப்பட்டன. போரில் அதிர்ஷ்டத்துக்குள்ள பங்கைப் பகடை ஏற்றுக்கொண்டது.

ஆயினும் மகனின் பெரிய கண்டுபிடிப்பு பகடையன்று, நடுவர். தளபதிகள் இருவரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். மலைக்கு அப்பால் எதிரி இருக்கிறானா என்பது நடுவருக்கு மட்டுமே தெரியும். பார்வைக்கு எட்டும் தூரத்தில் படை வந்தால்தான் கட்டையை வரைபடத்தில் வைப்பார். இரு தரப்பின் உண்மையையும் அறிந்து, எவர் பக்கமும் சாயாமல், இன்னின்னது நடந்தது என்று சொல்லும் ஒருவர்! செய்தியாளராக இருந்தவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சுவிடுவர். எங்கள் மேசைக்கு ஒரே சண்டையைப் பற்றி இரண்டு அறிக்கைகள் வரும். இரண்டிலும் எதிரியின் இழப்பே பெரிதாக இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு நாங்கள் முதற்பக்க வரைபடத்தில் அம்புக்குறி வரைவோம்.

பிரசியப் படைத் தலைமையதிகாரி முஃப்லிங் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மனம் மாறி, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். ஆனால் லெப்டினன் ரைஸ்விட்ஸுக்கு நல்ல காலம் வரவில்லை. தலைநகரிலிருந்து டோர்காவ் என்ற சிறு நகருக்கு மாற்றப்பட்டார். 1827இல் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். அவருடைய ஆட்டம் மோல்ற்கே போன்ற அதிகாரிகளிடம் தங்கியது. 1870-71இல் மோல்ற்கேயின் படை பிரான்சைத் தோற்கடித்ததும், ஏனைய நாட்டுப் படைகளும் அந்த வரைபடத்தையும் பகடையையும் தேடத் தொடங்கின.

இந்தப் படைப் பயிற்சியைப் பொழுதுபோக்காகப் பொதுமக்களிடம் எடுத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர், வியப்புக்குரிய வகையில், ஒரு சமாதான விரும்பி. ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் 'சின்னஞ்சிறு போர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். வரவேற்பறைத் தரையில் மரக்கட்டைகளால் ஊர் அமைத்து, ஈயப் பொம்மைகளை நிறுத்தி, வில்விசைப் பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியை எய்து வீழ்த்தும் ஆட்டம். பெரிய மனிதர்கள் முழங்காலில் தவழ்ந்து இதை ஆடினர். மனிதர் போர் விளையாட விரும்பினால் தரையில் விளையாடிவிட்டுப் போகட்டும், உண்மைப் போரின் மடமை அப்போது விளங்கும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. இது போருக்கெல்லாம் முடிவு கட்டும் போர் என்று அதே வெல்ஸ் 1914இல் எழுதினார். எழுத்தாளர்கள் விடயத்தில் இப்படி நேர்வதுண்டு.

அமெரிக்காவில் இதை வியாபாரமாக்கியவர் சார்ள்ஸ் ரொபேட்ஸ். 1954இல் இரண்டு கற்பனை நாடுகளின் போரைப் பெட்டிக்குள் வைத்து விற்றார். 1958இல் அவலன் ஹில் நிறுவனத்தைத் தொடங்கி, கெற்றிஸ்பேர்க் சமரை ஆட்டமாக வெளியிட்டார். சதுரக் கட்டங்களின் இடத்துக்குப் பின்னர் அறுகோணங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இந்தப் பெட்டிகளை வாங்கினர்.

இந்த இடத்தில்தான் என்னை நிறுத்திய விடயம் வருகிறது. ஹெல்விக்கிலிருந்து ரொபேட்ஸ் வரை ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள். வரைபடங்களில் ஊர்கள் உண்டு, பாலங்கள் உண்டு, வயல்கள் உண்டு. ஆனால் அந்த ஊர்களின் மக்களாக அமர்ந்து எவரும் ஆடவில்லை. வீடு என்பது போர்வீரன் மறைந்து சுடுவதற்கான இடம், அவ்வளவே. நாங்கள் வரைந்த அம்புக்குறிகளுக்குக் கீழும் ஊர்களின் பெயர்கள் இருந்தன. சில நாட்களில் அம்பின் தடிப்பில் பெயரே மறைந்துவிடும்.

ஊர்மக்கள் மேசைக்கு வந்தது 1969இல். இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், 1880இல் அமெரிக்கப் படை அதிகாரி டொட்டன் எழுதிய போர்விளையாட்டு நூலொன்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்தார். ரைஸ்விட்ஸின் நடுவர் அந்த நூலுக்குள் உயிரோடு இருந்தார். வெஸ்லி, பிறவுன்ஸ்ரைன் என்ற கற்பனை ஜேர்மன் நகரை நோக்கி நெப்போலியன் காலப் படைகள் இரண்டு வருவதாக ஓர் ஆட்டத்தை அமைத்தார். ஆடவந்தோர் தொகை அதிகம். தளபதிப் பதவியோ இரண்டுதான். எனவே மற்றவர்களுக்கு நகரின் மேயர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் என்று பாத்திரங்களைப் பகிர்ந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம், ஓர் இரகசியம்.

போர் நடக்கவேயில்லை. எல்லோரும் மூலைக்கு மூலை நின்று பேரம் பேசினர், சதி செய்தனர். இரு அதிகாரிகள் ஒருவரையொருவர் தனிச்சமருக்கு அழைத்தனர். நடுவரால் எதையும் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆட்டம் படுதோல்வி என்று எண்ணியபடி வெஸ்லி வீடு திரும்பினார். அடுத்தது எப்போது என்று நண்பர்கள் கேட்டபோதுதான் அவருக்கு விடயம் புரிந்தது.

பின்னொரு ஆட்டம் தென்னமெரிக்கச் சர்வாதிகார நாடொன்றில் நடப்பதாக அமைந்தது. அதில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞருக்குக் கிடைத்தது, துண்டுப்பிரசுரம் விநியோகிக்கும் மாணவர் தலைவன் பாத்திரம். துப்பாக்கி ஏந்தியவர்களை அவர் வாய்ப்பேச்சாலேயே ஏமாற்றி வென்றார் என்று சொல்வர். வெஸ்லி படைச் சேவைக்கு அழைக்கப்பட்டுச் சென்றதும், ஆர்னசன் நடுவரின் இடத்தில் அமர்ந்தார். கோட்டை, நிலவறை, பூதம் என்று ஆட்டத்தைப் புராண உலகுக்குள் கொண்டுபோனார். விஸ்கொன்சின் மாநிலத்தில் போர்விளையாட்டு விதிகளை எழுதிக்கொண்டிருந்த கரி கைகாக்ஸ் என்ற முன்னாள் காப்புறுதி ஊழியர் அவருடன் சேர்ந்தார். 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வெளியானது. விலை 10 டொலர். முதற்பதிப்பு 1,000 பிரதிகள். அது விற்றுத் தீர்ந்தபின் நடந்ததை உங்கள் வீட்டு மேசையிலேயே பார்க்கலாம்.

ஆக, நண்பர்களின் பிள்ளைகள் ஆடுவது தளபதிகளின் ஆட்டமன்று. தளபதிகளின் ஆட்டத்துக்குள் ஊர்மக்கள் புகுந்து, அதைத் தமதாக்கிக்கொண்ட ஆட்டம். வாள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி நேரம் பேச்சில்தான் போகிறது. வாளும் வேண்டாம் என்போருக்குக் 'கத்தான்' இருக்கிறது. பல்தொழில்நுட்பவியலாளராக வேலை செய்த கிளவுஸ் ரொய்பர் உருவாக்கி, 1995இல் ஜேர்மனியில் வெளியானது. செங்கல், மரம், ஆட்டுரோமம் ஆகியவற்றைப் பண்டமாற்றுச் செய்து வீடும் வீதியும் அமைப்பதே அதன் வேலை. ரைஸ்விட்ஸின் நாட்டிலிருந்து இது வந்ததை எண்ணி நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

தொடங்குவதற்குப் பெரும் செலவில்லை. கத்தானுக்கு மூன்று நான்கு பேரும் ஒரு பெட்டியும் போதும். மற்றையதற்கு நாலைந்து பேர், காகிதம், பென்சில், பகடைகள், நடுவராக இருக்கச் சம்மதிக்கும் ஒருவர். அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே இணையத்தில் இலவசமாகத் தருகின்றனர். பெற்றோர் ஒருமுறை கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் அமரலாம். பெரும்பாலும் அவர்களுக்கும் ஒரு பாத்திரம் கிடைக்கும்.

ரொறன்ரோவில் ஒரு நண்பர் வீட்டில் எனக்கும் கிடைத்தது. ஊர்ப் பத்திரிகை ஆசிரியராக இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றாவது மணித்தியாலத்தில், பதினாறு வயது நடுவர் எனது பத்திரிகையைத் தடைசெய்துவிட்டார்.