வெள்ளச் சேதத்தில் மனிதர் பங்கைக் காட்டிய பேராசிரியர்

அமெரிக்கப் புவியியல் பேராசிரியர் கில்பர்ட் வைட் 1911-இல் சிக்காகோவில் பிறந்தார். வெள்ளச் சேதத்துக்கு மழை மட்டும் காரணமல்ல, மனிதர்கள் எங்கே வீடு கட்டுகிறார்கள் என்பதும் காரணம் என்பதே அவரது வாழ்நாள் ஆய்வின் சாரம்.

1942-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அணையும் கரையும் கட்டினால் போதும் என்று அரசாங்கம் நம்பிய காலம் அது. வைட் அதை ஏற்கவில்லை. கரை எழுந்ததும் பயம் போய்விடுகிறது. ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடுகளும் கடைகளும் பெருகுகின்றன. கரை உடைந்தால் இழப்பு முன்பைவிடப் பெரிது.

1966-இல் அவர் தலைமையிலான குழு அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தது. கட்டடங்களைக் கட்டுப்படுத்தாமல் காப்புறுதி மட்டும் கொடுத்தால் சேதம் கூடும் என்று அது எச்சரித்தது. 1968-இல் அந்நாட்டில் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் சட்டமானது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் குடும்பங்கள் அன்றாடம் தண்ணீர் எடுத்துவரப் படும் பாட்டையும் தம் மனைவி ஆனுடனும் டேவிட் பிராட்லியுடனும் சேர்ந்து ஆராய்ந்தார். அந்நூல் 1972-இல் வெளிவந்தது. 1976-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்கைப் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்ற வைட், 2006-இல் தமது 94-ஆவது வயதில் காலமானார்.