‘யார்ல்’: பிறந்த மண்ணில் மறைந்த பட்டம்

மன்னர்களின் வரலாற்றைப் படிக்கும் நாம், அவர்களுக்கு அடுத்த படியில் நின்றோரின் பட்டங்களை எளிதில் கடந்து விடுகிறோம். ஆயினும், அரசதிகாரம் வளர்ந்த கதையை அப்பட்டங்களே தெளிவாக உரைக்கின்றன. நார்வே, டென்மார்க், சுவீடன் நாடுகளில் இடைக்காலத்தில் வழங்கிய ‘யார்ல்’ என்னும் பட்டம் அதற்குச் சான்றாகும்.

பழைய ரூன் எழுத்துப் பொறிப்புகளில், எழுதியவர் தம்மை ‘எரிலாஸ்’ என்று குறித்துக் கொள்வதைக் காண்கிறோம். அச்சொல்லே ‘யார்ல்’ ஆயிற்று என்பர் அறிஞர் பலர். ஒலிமாற்றம் பொருந்தவில்லை என மறுப்போரும் உளர். ‘ரீக்ஸ்தூலா’ என்னும் பழைய நார்ஸ் மொழிக் கவிதை, மாந்தரை அடிமை, குடியானவன், யார்ல் என மூவகையாக்குகிறது. ஆகவே, உயர்குடியினரைப் பொதுவாகக் குறித்த இச்சொல், காலப்போக்கில் மன்னருக்கு அடுத்த பதவியின் பெயராயிற்று எனலாம்.

அப்பதவியின் வலிமை சிறிதன்று. ஹாக்கோன் சிகுர்ட்சன் மன்னர் என்னும் பெயரின்றி, யார்லாகவே இருந்து, 995 வரை நார்வேயின் பெரும்பகுதியை ஆண்டார். சுவீடனில் 1248 முதல் பிர்கெர் யார்ல் ஆட்சியை நடத்தினார். 1250இல் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவருடைய இளவயது மைந்தர் வால்டெமார். எனினும், 1266இல் தாம் இறக்கும் வரை அதிகாரத்தைத் தந்தையே வைத்திருந்தார். சகோதரன் பெறுவதில் பாதியைச் சகோதரியும் பெறலாம் என்ற வாரிசுரிமைச் சட்டம் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது.

இத்தகைய வலிமையே அப்பட்டத்துக்கு வினையாயிற்று. நார்வேயின் ஸ்கூலே யார்ல் 1237இல் ‘கோமகன்’ என உயர்த்தப்பட்டார். 1239இல் தம்மையே மன்னரென அறிவித்தார். மறு ஆண்டே கொல்லப்பட்டார். சுவீடனில் பிர்கெருக்குப் பின் எவரும் யார்லாக்கப்படவில்லை. நார்வேயில் 1308இல் ஐந்தாம் ஹாக்கோன் மன்னர், அரச மைந்தர்களுக்கும் ஆர்க்னித் தீவுகளின் தலைவருக்கும் மட்டும் அப்பட்டத்தை விட்டுவைத்து, ஏனையோருக்கு அதனை ஒழித்தார்.

ஆனால், இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறு. 1016இல் அங்கு அரியணையேறிய டென்மார்க் இளவரசர் கனூட்டின் காலத்தில், ‘எயோர்ல்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் யார்லின் பொருளை ஏற்று, பெருநிலப்பகுதிகளை ஆள்வோரின் பட்டமாயிற்று. 1066இல் வென்ற நார்மானியரும் அதனை அகற்றவில்லை. அதுவே இன்றைய ‘ஏர்ல்’. அதற்குப் பெண்பாற் சொல் அமையாமையால், ஏர்லின் மனைவியைப் பிரெஞ்சு வழிவந்த ‘கவுன்டஸ்’ என்னும் சொல்லால் அழைக்கின்றனர்.

அதிகாரம் இருந்தவரை யார்லை மன்னர்கள் அஞ்சினர். அதிகாரம் அகன்று வெறும் பெயரான பின்னரோ, அஞ்சுவாருமில்லை, அழிப்பாருமில்லை. பட்டம் நிலைத்ததன் இரகசியம் இதுவே என நாம் கருதுகிறோம்.