செப்பேடும் வாசற்படியும்

பரதேசி என்றால் நமக்கு வசைச்சொல். கொச்சி மட்டாஞ்சேரியில் அது ஒரு யூத ஜெபாலயத்தின் பெயர். 1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை விரட்டியது. சிதறி ஓடியவர்களில் சிலர் மலபார் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பிற தேசத்தார் என்பதால் ‘பரதேசிகள்’. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். 1568-இல் ஜெபாலயம் எழுந்தது. 1662-இல் போர்த்துகீசியரால் சேதப்பட்டு, டச்சுக்காரர் காலத்தில் மீண்டும் எழுந்தது. தரையெங்கும் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள். கோயிலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவற்றின் மேல் நடக்க வேண்டும்.

ஆனால் இவர்களுக்கு முன்பே, பல நூற்றாண்டுகளாகச் சேர நாட்டில் யூதர்கள் இருந்தார்கள். அதற்குச் சாட்சி, இந்த ஜெபாலயம் காத்துவரும் செப்பேடு. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்கு 72 உரிமைகள் அளித்த சாசனம் அது. எழுத்து நம் வட்டெழுத்து. பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் எல்லாம் அவருக்கு உண்டு, சுங்கம் கிடையாது. உலகும் நிலவும் உள்ளவரை வழிவழியாக இது செல்லும் என்கிறது சாசனம். கடல் கடந்து வந்த குடிக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்?

அந்த மரியாதையின் சாசனத்தைக் காத்த சமூகமே தன்னவர்களுக்கு மரியாதையை மறுத்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. யூத வீடுகளின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வாரிசுகளுக்குப் பரதேசி ஜெபாலயத்தில் சம இடம் இருக்கவில்லை. வாசல் பக்கம் தரையில்தான் உட்கார வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882-இல் பிறந்தவர் ஏ.பி. சேலம். படித்து வழக்கறிஞரானார். காந்தியின் வழியை ஜெபாலயத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒரே நாளில் உடையவில்லை, ஒவ்வொன்றாக விழுந்தன. ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

இஸ்ரேல் பிறந்தபின், 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கப்பலேறினார்கள். சேலம் போகவில்லை, 1967-இல் கொச்சியிலேயே காலமானார். மறு ஆண்டு ஜெபாலயத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். கூட்டு வழிபாட்டுக்கு யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பிற்காலத்தில் உள்ளூரில் அந்தப் பத்துக்கே ஆள் இல்லாமல் போனது.

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிருங்கள், அன்று ஓய்வுநாள். உள்ளே நுழையுமுன் யூதத் தெருவின் பெயரையும் கவனியுங்கள். ஏ.பி. சேலம் சாலை.