வெறுங்குலையின் வரலாறு

மண்சுவர் எழுப்பிய நம் முன்னோர் களிமண்ணோடு வைக்கோலைக் கலந்து மிதித்தனர். மண் தனியே காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் தனியே நின்றால் வளையும். இரண்டும் கூடினால் சுவர் நிற்கும். பிளாஸ்டிக்கினுள் செடிநாரைப் பொதிந்து புதுப்பொருள் ஆக்கும் இக்காலத் தொழிலுக்கும் இதுவே அடிப்படை. பிசின் நாரைப் பிணைக்கிறது. நார் இழுவிசையைத் தாங்குகிறது. இஃது ஏதோ நேற்று மேல்நாட்டார் மூளையில் உதித்த விந்தை என்று வாய் பிளப்பாரும் உளர். எல்லாம் நம் பாட்டனார் அறிந்ததே என்று மார் தட்டுவாரும் உளர். இருவர் கூற்றும் சரித்திரத்துக்கு ஒவ்வாது.

1907-ஆம் ஆண்டு பேக்லண்ட் என்னும் வேதியறிஞர் பேக்கலைட்டை ஆக்கினார். தனிப்பிசின் எளிதில் நொறுங்குமாதலால் அதில் மரத்தூளைக் கலந்து வார்த்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியம் கிட்டாது போகுமோ என்றஞ்சிய இங்கிலாந்தில், ஆளிச்செடி நாரைப் பிசினில் அழுத்தி ஸ்பிட்பயர் விமானத்துக்குச் சோதனை உடற்கூடு ஒன்றே செய்து பார்த்தனர். அலுமினியம் கிடைத்தது, நார் மறக்கப்பட்டது. எஃகுத் தகட்டுக்குப் பஞ்சம் நேர்ந்த கிழக்கு ஜெர்மனியிலோ, 1957 முதல் 1991 வரை டிராபன்ட் மோட்டார் வண்டியின் மேற்கூட்டைக் கழிவுப் பஞ்சும் பிசினும் கொண்டு செய்தனர். முடை வந்தால் அழைப்பது, முடை தீர்ந்தால் விரட்டுவது! தோட்டத் தொழிலாளிக்கு இவ்வழக்கம் புதிதன்று.

இனி நம் சிலாங்கூருக்கு வருவோம். 1917-ஆம் ஆண்டு கோலசிலாங்கூரைச் சேர்ந்த தென்னமாரம் தோட்டத்தில், போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வாணிகத்துக்கெனச் செம்பனை பயிரிட்டார். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொங்கூர் பரிசும் கிட்டியது. துரையின் பெயர் நிலைத்தது; கன்று நட்டவர் பெயரைக் கேட்பாரில்லை.

செம்பனைக் குலையை ஆவியில் வேகவைத்துப் பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெறுங்குலை, முழுக்குலையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நெடுங்காலம் ஆலைகள் அதனை எரித்துச் சாம்பலை எருவாக்கின. புகைக்குக் கட்டுப்பாடு வரவே மரத்தடியில் பரப்பின. அந்த நாரையே செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தாரும் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தாரும் ஆய்வுக்கு எடுத்தனர். பூத்தொடுக்க நாம் அறிந்த வாழைநாரும் அவ்வரிசையில் சேர்ந்தது. செர்டாங் பேராசிரியர் சபுவான் தம் துணைவரோடு வாழைநார்த் துணியை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து, வீட்டுத் தொலைபேசி வைக்கும் தாங்கி ஒன்றைச் செய்து 2005-இல் வெளியிட்டார்.

வேலை எளிதன்று. நார் நீரை விரும்பும். பிளாஸ்டிக் நீரை வெறுக்கும். வெறுங்குலை நாரிலோ ஒட்டிய எண்ணெயும் மணல் போன்ற சிலிக்காத் துகளும் வேறு உண்டு. காரநீரில் கழுவிச் சொரசொரப்பாக்கினாலன்றிப் பிசின் பற்றாது. 200 பாகைக்கு மேல் சூடேறினால் நார் கருகத் தொடங்கும்; ஆதலின் 165 பாகையளவில் உருகும் பாலிப்ரொப்பிலீன் போன்றவற்றையே நாட வேண்டும். இலாபம் எங்கே எனின், எடையில். கன சென்டிமீட்டருக்குக் கண்ணாடிநார் 2.5 கிராம், செடிநார் 1.5 கிராம் அளவே. நாரைக் கலந்ததாலேயே பிளாஸ்டிக் மட்கிவிடும் என்று விளம்பரம் செய்வோரை மட்டும் நம்ப வேண்டா. நார் மட்கும்; பிளாஸ்டிக் கிடக்கும்.

2008-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லோட்டஸ் தொழிலகம் சணல்வகை நாரால் உடற்பகுதிகள் செய்த மாதிரி மோட்டார் வண்டி ஒன்றைக் காட்டியது. அத்தொழிலகம் அப்போது ஷா ஆலமில் உருவான புரோட்டானுக்குச் சொந்தம். உடைமை இங்கே, நாரோ இங்கிலாந்து வயலில் விளைந்தது! வெறுங்குலை நம் வாசலில் கிடந்தது.

இன்று செம்பனைக் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். லயங்களை விட்டுக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் செர்டாங் ஆய்வுக்கூடம் தூரமன்று. குலையைச் சுமந்தவன் பேரன் அதன் நாரைச் சோதிக்கும் மேசையில் அமர்வானா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. பிசினின் விலையையும் இயந்திரத்தின் விலையையும் பேசுவோர் அதைப் பேசக் காணோம்.

ஆலையை விட்டு வரும் வெறுங்குலையில் பாதிக்கு மேல் நீர்தான். அதை லாரியில் நெடுந்தூரம் கொண்டு செல்வது தண்ணீருக்குக் கூலி கொடுப்பதாகும். ஆகவே ஆலையருகிலேயே பிரித்து, உலர்த்தி, கட்டுகளாக அழுத்துகிறார்கள். அக்கட்டுகளில் கணிசமான பகுதி மெத்தை அடைப்பதற்கெனச் சீனாவுக்குக் கப்பலேறியிருக்கிறது.