சேற்றில் சுற்றும் சில்லு

அம்பாறைக் கரையோரத்தின் நவீன வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கல்லோயாத் திட்டத்தில் தொடங்குவர். 1949இல் ஆரம்பித்த அபிவிருத்திச் சபை, இங்கினியாகலவில் அணை கட்டிய மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம், சேனநாயக்க சமுத்திரம், குடியேற்றம், அதன் அரசியல் ஆகியவை பற்றி நூல்களும் ஆய்வுகளும் போதியளவு உண்டு. ஆனால் வயலில் இறங்கிய உழவு இயந்திரம் புதைந்தபோது அதை மீட்டவர் யார், முறிந்தபோது எதைக்கொண்டு திருத்தினார் என்று தேடினால் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அணைகளுக்கு வரலாறு உண்டு. அக்கரைப்பற்றின் கராஜ்களுக்கு இல்லை. அந்தக் கராஜ்களின் ஒரு சிறு வேலையைப் பற்றி எழுதி வைக்க விரும்புகிறேன்.

மாரி காலத்தில் வயல் வீதியால் போனவர்கள் எல்லோரும் கண்ட காட்சிதான். வாகனத்தின் ஒரு பின்சில்லு சேற்றை வாரியிறைத்துக்கொண்டு சுற்றும். மற்றச் சில்லு நல்ல தரையில் நின்றும் அசையாது. சாரதி எவ்வளவுக்கு மிதிக்கிறாரோ அவ்வளவுக்கு வண்டி தாழும். இதற்குக் காரணம் பின்அச்சின் நடுவே குடம்போல் வீங்கியிருக்கும் டிபரன்சியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு கூடுதல் தூரமும் உட்சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ஒன்று தேயும், அல்லது தண்டு முறியும். எனவே இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிட்டு, இழுவிசையை மட்டும் சமமாகப் பங்கிடுகிறது இந்தப் பற்சில்லுக் கூட்டம். சமமாகப் பங்கிடுவதே இதன் சிறப்பும் குறையும். வழுக்கும் சில்லுக்குச் சேற்றில் எவ்வளவு பிடி உண்டோ, அவ்வளவு விசைதான் நல்ல தரையில் நிற்கும் சில்லுக்கும் போய்ச்சேரும்.

பிரான்சில் பெக்கர் என்பவர் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். வீதிக்குப் பரவலாகக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி. இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டியொன்றில் மகனோடு போனபோது, மகனின் கால்வலு அதிகமானதால் வண்டி ஒருபக்கம் இழுத்துச் செடிப்பற்றைக்குள் போய் விழுந்ததாம். 1877இல் அவர் டிபரன்சியலைப் பொருத்தியதற்கு அதுதான் காரணம் என்று சொல்வார்கள். கதை உண்மையோ என்னவோ, ஊர் முக்கியமானது. 1946இல் பேர்குசனின் சிறிய சாம்பல்நிற உழவு இயந்திரம் வெளிவந்ததும், பின்னர் எங்கள் போடிமார் விரும்பி வாங்கிய மசே பேர்குசன் 35உம் 135உம் தயாரானதும் அதே கொவென்றியில்தான்.

உழவு இயந்திரத்தில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. குறுகிய இடத்தில் திருப்புவதற்கென வைக்கப்பட்டவை. எங்கள் சாரதிகள் அவற்றுக்கு வேறு பயன் கண்டார்கள். வழுக்கிச் சுற்றும் சில்லின் பிரேக்கை மெல்ல மிதித்தால் அந்தப் பக்கத்தில் எதிர்ப்பு உண்டாகும். அதற்குச் சமமான விசை மறுபக்கத்துக்கும் போகும். நின்ற சில்லு நகரும். இன்று விலையுயர்ந்த கார்களில் கணினி உணர்ந்து வழுக்கும் சில்லுக்கு மட்டும் பிரேக் பிடிப்பதைப் பெரிய நுட்பமாக விளம்பரம் செய்கிறார்கள். வரம்போரத்தில் பள்ளிக்கூடம் போகாத சாரதி காலால் செய்ததும் அதையேதான்.

ஊரில் 'லேண்ட் மாஸ்டர்' என்று அழைக்கப்படும் இருசில்லு இயந்திரம் வேறு சாதி. பெரும்பாலானவற்றில் டிபரன்சியலே இல்லை. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு கிளச். எந்தப் பக்கம் திருப்பவேண்டுமோ அந்தப் பக்கத்துப் பிடியை அழுத்தவேண்டும். பெட்டியில் நெல் மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போதோ இது தலைகீழாகிவிடும். விடுபட்ட சில்லு சுதந்திரமாக ஓட, வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். இதை அறியாமல் வாய்க்காலுக்குள் இறங்கியவர்கள் பலர்.

இரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வு, வழுக்கலுக்கு எல்லை விதிக்கும் டிபரன்சியல். 1930களில் பேர்டினன்ட் போர்ஷே வடிவமைத்த ஓட்டோ யூனியன் பந்தயக் காரின் வலு அளவுக்கு மீறியது. மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில்கூட ஒரு சில்லு வழுக்கிச் சுற்றியது. 1935இல் இசட்எப் என்ற ஜேர்மன் நிறுவனம் அதற்கு மாற்று வழி செய்து கொடுத்தது. பந்தயத்துக்குப் பிறந்த அது யுத்தத்துக்குப் போயிற்று. அமெரிக்கரின் வில்லிஸ் ஜீப் நான்கு சில்லுகளையும் இழுக்கவைத்துச் சேற்றை வென்றது. ஜேர்மனியரின் கூபெல்வாகன் பின்சில்லுகள் இரண்டால் மட்டுமே ஓடியது. ஆனால் அவை இரண்டும் ஒன்றையொன்று கைவிடாதபடி இந்த ஏற்பாடு அதில் இருந்தது.

கூபெல்வாகன் பற்றி ஒருபோதும் கேள்விப்பட்டிராத ஒருவர், 1980களின் நடுப்பகுதியில் எங்கள் ஊரில் அதே ஏற்பாட்டைத் தம் வளவிலேயே செய்துபார்த்தார். ஊரே 'காக்கா' என்று அழைத்த அவரின் தொழில்கூடம் ஒரு கிடுகுக் கொட்டில். நான் பள்ளி மாணவன். அவர் கையில் இருந்த வண்டி, பழைய ஒஸ்டின் ஒன்றின் பின்பகுதியை வெட்டி மரப்பெட்டி கட்டிய பாரவண்டி. வயலிலிருந்து மூட்டை ஏற்றிவரும் வழியில் அது நிற்காத நாளில்லை.

அவர் செய்தது இது. பின்அச்சைக் கழற்றி, குடத்துக்குள் எதிரெதிராக நிற்கும் இரு பக்கப் பற்சில்லுகளுக்கும் நடுவே, முறிந்த லொறித் தண்டிலிருந்து கடைந்தெடுத்த இரண்டு உருக்குக் கட்டைகளை வைத்தார். அவற்றுக்கிடையே குறுக்காணி போகத் தவாளிப்பு. சுற்றிலும் கழிந்த எஞ்சினொன்றின் நான்கு வால்வு ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங்குகள் தள்ள, பற்சில்லுகளின் முதுகு குடத்தின் சுவரில் உராயும். ஒன்று தனியே ஓட முயன்றால் அந்த உராய்வு தடுத்து, விசையில் ஒரு பங்கை மற்றதுக்குக் கொடுக்கும். வளைவில் உராய்வை மீறிச் சுற்றிக்கொள்ளும். உருக்கைக் கடைந்து கொடுத்தவர் தமிழ்ப் பகுதியில் லேத் வைத்திருந்தவர். ஸ்பிரிங்கின் உயரம் எவ்வளவு வெட்டுவது என்று இருவரும் தேநீர்க் கோப்பைகளுக்கு முன்னால் வாதாடியது நினைவிருக்கிறது. "கூடினா வளைவுல இழுத்துப்போடும் தம்பி, குறைஞ்சா வச்ச வேலை வீண்" என்று அவர் எனக்கு விளக்கினார்.

பலன் பாதிதான். ஈர மணலிலும் வழுக்கும் வீதியிலும் வண்டி ஏறி வந்தது. ஆழச் சேற்றில் அந்த உராய்வு போதவில்லை. ஒரு போகம் முடிந்து எண்ணெயை வடித்தபோது இரும்புத்தூள் மினுங்கியது. டிபரன்சியலை வெல்டிங் அடித்து இறுக்கிவிடும்படி பலர் சொல்லியும் அவர் உடன்படவில்லை. அப்படி இறுக்கிய வண்டி சேற்றில் சிங்கம்; தார்வீதி வளைவில் அது சாரதி திருப்புவதைக் கேளாது நேரே போகும். வாகனத்தில் ஆட்களும் ஏறுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

இத்தகைய கைகள் எங்கிருந்து வந்தன? 1960களின் தொடக்கத்திலிருந்தே அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி சுருங்கியது. 1970 முதல் 1977 வரை கதவு ஏறத்தாழ முழுமையாகவே சாத்தப்பட்டது. ஒரு மொரிஸ் மைனர் உயிரோடிருக்க இன்னொரு மொரிஸ் மைனர் சாகவேண்டியிருந்தது. எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும், பொருந்தாததை எவ்வளவு அரத்தால் தேய்த்தால் பொருந்தும் என்ற அறிவு அந்த ஆண்டுகளில்தான் விளைந்தது. காக்கா தொழில் பழகியதும் அப்போதுதான். அந்தக் கொள்கையைப் போற்ற நான் இதை எழுதவில்லை. அக்காலத்துப் பாண் வரிசைகளை எங்கள் வீட்டார் மறக்கவில்லை. பின்னர் 1990 முதல் யாழ்ப்பாணம் எரிபொருள் தடைக்குள் சிக்கியபோது, ஒஸ்டின்களும் மொரிஸ்களும் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதும் அதே அறிவின் இன்னொரு கிளைதான்.

எங்கள் பகுதியில் 1990 வேறுவிதமாக வந்தது. அவ்வாண்டு யூனில் தொடங்கிய வன்செயல்கள் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்தன. கராஜுக்கும் லேத்துக்கும் இடையே இருந்த சிறிய தூரம் எவரும் கடக்காத தூரமாயிற்று. மேற்கே பல வயல்களுக்கு உரியவர்களே ஆண்டுக்கணக்கில் போகமுடியவில்லை. அந்தப் பாரவண்டியும் வயற்பக்கத்தில் விடப்பட்டது. காக்கா அதைத் தேடிப் போகவில்லை. லேத்காரரை அவர் மறுபடி சந்தித்தது போர்நிறுத்தம் வந்த 2002இல். அப்போதைக்கு ஜப்பானின் பழைய வாகனங்கள் ஊரை நிறைத்திருந்தன; பாகம் பழுதானால் பெட்டியோடு வாங்கிப் பொருத்தினார்கள். கடைவதற்கு எவரும் எதையும் கொண்டுவருவதில்லை என்று லேத்காரர் சொன்னாராம்.

2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை மீண்டும் நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளுக்குள் ஒருநாள் காக்காவின் மகனுடைய கடைக்குப் போனேன். உதிரிப்பாகம் விற்கிறார். வாசலில் இளைஞனொருவன் பழைய லேண்ட் மாஸ்டரின் பற்சில்லு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கடைந்து தரக்கூடியவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் கல்முனையில் ஒரு முகவரி சொன்னார். அவர் இப்போது வேலை செய்கிறாரோ தெரியாது, போய்ப் பாரும் என்றார்.